தம்பி அவுட்டான கோடை

பள்ளித் தோழிகளுக்கென்று போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம் இல்லையா, அதில் போன மாதம் நம்மில் ஒருத்தி ஒரு படம் போட்டாள். சாம்பல் நிறப் பெட்டி, மேல் பாதியில் சின்னத் திரை, கீழே மஞ்சள் பொத்தான்கள். “இது யார் யார் வீட்டில் இருந்தது?” என்று கேட்டிருந்தாள். எல்லாரும் இதயம் போட்டீர்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டு அப்படியே நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. குழுவில் நாலு வரியில் எழுத முடியாத சங்கதி என்பதால் இங்கே தனியாக எழுதுகிறேன்.

நான் இப்போதும் விளையாடுகிறேன். சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப் அடிக்கிற நாற்பத்திரண்டு வயதுப் பொம்பளை, மதியச் சாப்பாடு முடிந்ததும் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, பையிலிருந்து உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றை எடுத்துத் தட்டிக்கொண்டிருக்கிறாள். என் மகன் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்குள் காற்றாடி மட்டுமே மூன்று. அது ஓடினால் பக்கத்து அறையில் பேச முடியாது. என்னுடைய பழைய லேப்டாப்பை அவன் மதிப்பதே இல்லை. “இதுல எதுவும் ஓடாதும்மா” என்பான். ஓடுகிற வரைக்கும் எனக்குப் போதும். நம் காலத்து விளையாட்டுகள் அதில் ஜம்மென்று ஓடுகின்றன. ஆனாலும் எனக்குக் கையில் பிடிக்கிற பெட்டிதான் வேண்டும். கைச்சூட்டை அது வாங்கிக்கொள்ளும். திரையில் இறங்குகிற இந்தக் கட்டையை எங்கே வைக்கப்போகிறாய் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்காது. அது கையில் இருக்கும் வரை உலகத்தில் மற்ற எதையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த ஆறுதலை நான் எப்படிப் பழகினேன் என்று சொன்னால் உங்களுக்கு என் மேல் இருக்கிற மரியாதை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

அப்போது எங்கள் வீடு ராஜபாளையத்தில் இருந்தது. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். தம்பி நான்காவது. அத்தா பேண்டேஜ் துணி வாங்கி மருந்துக்கடைகளுக்குப் போடுகிறவர். அம்மா வீட்டில் உட்கார்ந்து, புண்ணுக்கு வைத்துக் கட்டுகிற காஸ் துணி மடிப்பாள். பேண்டேஜ் யூனிட்டில் வெளுத்து வெட்டிய துணி மூட்டையாக வரும். அதை எட்டு மடிப்பாக, ஓரத்து நூல் வெளியே தெரியாமல் உள்ளே தள்ளி மடித்து அடுக்க வேண்டும். பஞ்சுத் தூசி முடியில் ஏறி, பதினோரு வயதிலேயே எனக்கு நரைத்துவிட்டது என்று அத்தா கேலி செய்வார். பிளீச்சிங் வாடை தலையணையில்கூட இருக்கும். பொம்பளைப் பிள்ளை என்பதால் மடிப்பில் எனக்கும் பங்கு உண்டு. தம்பிக்குக் கிடையாது. அவன் மூட்டைகளுக்கு நடுவே குகை செய்து படுத்துக்கொள்வான்.

அந்தக் கோடையில்தான் அம்மாவின் தம்பி, எங்கள் மாமு, சவூதியிலிருந்து லீவில் வந்தார். பெட்டியைத் திறந்ததும் வீடே சோப்பு வாசனை. தம்பிக்குக் கேம் பெட்டி. எனக்குப் பவுடர் டப்பாவும் பூப்போட்ட துணியும்.

“எனக்கும் அதுதான் வேணும் மாமு,” என்றேன்.

“பொம்பளப்புள்ளைக்கு எதுக்குட்டி அது? துணி எம்புட்டு நைஸா இருக்கு, தொட்டுப் பாரு,” என்றார்.

நான் அழுத அழுகையைப் பார்த்து அம்மா ஒரு தீர்ப்புச் சொன்னாள். “அவன் வெளாடட்டும். அவுட்டானா நீ வாங்கிக்கோ. நீ அவுட்டானா அவன்கிட்ட குடுத்துரு. சண்டை வந்துச்சு, ரெண்டு பேருக்கும் கெடையாது.”

நியாயமான தீர்ப்புதான். ஆனால் தம்பி அவுட் ஆகவே மாட்டேன் என்றான். மேலிருந்து கட்டைகள் இறங்கும். திருப்பி, நகர்த்தி, வரிசையை நிரப்பினால் வரிசை மறையும். குவியல் உச்சியைத் தொட்டால் அவுட். உங்களுக்குத் தெரியாததா? இவனுக்கு அது எப்படி வந்ததோ, எந்தக் கட்டை எந்தச் சந்தில் உட்காரும் என்று பார்த்தவுடனே தெரியும். திரையில் வெளிச்சம் கிடையாது, அதனால் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, “வாடி வா, இங்க உக்காரு” என்று கட்டைகளோடு பேசியபடி மணிக்கணக்கில் ஆடுவான். நான் துணியை மடித்துக்கொண்டே பார்த்திருப்பேன். செல் தீர்ந்தால் அதைப் பல்லால் கடித்து, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, மறுபடி போடுவோம். செல் காய்கிற நேரத்தில்கூட அவன் விரல்கள் சும்மா இராது. வெறும் தரையில் அழுத்திக்கொண்டிருக்கும். அவனைவிடக் கெட்டிக்காரப் பையனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனாலேயே அவன் மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

பிறகு ஒரு மத்தியானம் அவன் அவுட் ஆனான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கட்டைகள் நடுவில் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து ஏறுவது தெரிந்தது. அவன் நகர்த்தவில்லை. கண் திறந்திருக்கிறது, திரையைத்தான் பார்க்கிறது, கட்டைவிரல் பொத்தான் மேல் அப்படியே இருக்கிறது. உதடு மட்டும் மிட்டாய் சப்புவதுபோல் அசைந்தது. குவியல் உச்சியைத் தொட்டது, பெட்டி கீச்சென்றது. நான் அவன் கையிலிருந்து அதை உருவினேன். தடுக்கவே இல்லை. செத்த நேரம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“நான் அவுட்டா?”

“அவுட்டு.”

“எப்படிக்கா?”

“எப்படின்னா? பாத்துக்கிட்டே விட்டுட்ட.”

அவன் தன் வெறும் கையைப் பார்த்தான். என்னை நம்பினான். நான் பொய்யும் சொல்லவில்லை, அம்மாவின் தீர்ப்புப்படி அது என் முறைதான்.

அடுத்த நாள் மறுபடி. அதற்கடுத்த நாள் இரண்டு தடவை. சீக்கிரமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பேச்சு நிற்கும், உதடு அசையத் தொடங்கும், அவ்வளவுதான், பத்து எண்ணுவதற்குள் பெட்டி என் கைக்கு வந்துவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். மடிக்கிற துணியை எடுத்துக்கொண்டு அவன் குகைப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒரு தடவை பயந்து, “ஏலே, ஏலே” என்று உலுக்கினேன். அவன் அங்கே இல்லை. கண்ணுக்குள் நான் தெரிந்தேன், அவன் தெரியவில்லை. அந்தப் பயத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியை எடுத்து ஆட ஆரம்பித்தேன். நாலைந்து கட்டை இறங்கியதும் பயம் போய்விட்டது. நான் சொன்ன ஆறுதல் இதுதான்.

பெட்டி இல்லாதபோதும் அவனுக்கு அது வந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது உருட்டிய சோறு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். “சோத்துல கைய வச்சுக்கிட்டு என்னலே ரோசன? எந்நேரமும் கேம் நெனப்பு!” அவன் விழித்துக்கொண்டு, எதற்கு அடி என்று புரியாமல் அழுதான். அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அம்மாவுக்காவது தெரியாது.

மாமு திரும்பிப் போவதற்கு முன் எல்லாரையும் அய்யனார் கோவில் அருவிக்குக் கூட்டிப்போனார். புளிச்சோறு, அவித்த முட்டை, வயர் கூடை எல்லாம் உண்டு. கூடையில் துண்டுக்கு அடியில் கேம் பெட்டியும் இருந்தது. அதை வைத்தது நான்தான். ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். தம்பி பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருந்தான். ஒரு பாறையில் நின்றவன் அப்படியே நின்றான். உதடு அசைவதை நான் கரையிலிருந்து பார்த்தேன். கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவன் கையை ஊன்றாமல், மரம் சாய்கிற மாதிரி முகம் குப்புற விழுந்தான். மாமு பாய்ந்து தூக்கியபோது புருவத்துக்கு மேல் பிளந்து, சட்டை முழுக்க ரத்தம்.

ஊருக்குள் வந்ததும் கண்ணில் பட்ட முதல் கிளினிக்கில் நுழைந்தோம். வயதான பெண் டாக்டர். தையல் போட்டுக்கொண்டே, “நின்னுக்கிட்டு இருக்கும்போதே விழுந்தானா, வழுக்கி விழுந்தானா?” என்று கேட்டார்.

“பாசி டாக்டர். வழுக்கிருச்சு,” என்றார் மாமு.

“கைய ஊனவே இல்லையே. இதுக்கு முன்னாடி, பேசிக்கிட்டு இருக்கும்போதே அப்படியே நின்னுபோறது, கூப்பிட்டா காதுல விழாம இருக்கிறது, அப்படி எதுவும் உண்டா?”

“எந்நேரமும் அப்படித்தான் இருக்கான் டாக்டர்,” என்றாள் அம்மா. “அந்தக் கேம் பெட்டி வந்த நாள்ல இருந்து. இப்பவும் அந்த நெனப்புலதான் விழுந்திருப்பான்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “பாப்பா, நீதான கூடவே இருப்ப? கேம் கையில இல்லாதப்பவும் தம்பி அப்படி ஆகுறானா?”

கூடை என் மடியில் இருந்தது. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி வரும். எத்தனை தடவை, எவ்வளவு நேரம், அப்போது நீ என்ன செய்தாய்? கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இல்ல டாக்டர்” என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி இப்படி வந்தால் உடனே மதுரைக்குக் கூட்டிப்போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். வழுக்கி விழுந்தான் என்று முடிவாகிவிட்டதால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேம் பெட்டி பீரோ மேல் போனது. அம்மா தினமும் சாயங்காலம் மஃரிப் தொழுகை முடிகிற நேரத்துக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தம்பியைக் கூட்டிப் பள்ளிவாசல் வாசலில் போய் நிற்பாள். கைப்பிள்ளைகளோடு வேறு பெண்களும் நிற்பார்கள், பக்கத்துத் தெருத் தெலுங்குக்காரப் பெண்களும் வருவார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஓதி, பிள்ளைகளின் முகத்திலும் செம்புத் தண்ணீரிலும் ஊதிவிட்டுப் போவார்கள். தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பான். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நான் என்ன தப்பு பண்ணுனேன்?” என்றான். தெரியலடா என்றேன்.

பெட்டி போன பிறகும் அவனுக்கு அது நிற்கவில்லை. மத்தியானம் அம்மா அசந்து தூங்கும்போது நான் ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுப்பேன். சத்தத்தை அணைத்துவிட்டு, குளியலறைக்குள் நின்றுகொண்டு ஆடுவேன். டாக்டரின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் எடுத்தேன். அந்தக் கோடையில் நான் எட்டிய ஸ்கோரைத் தம்பி ஒருநாளும் எட்டியதில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத ஸ்கோர் அது.

பள்ளி திறந்தது. பாடம் நடக்கும்போது வெறித்துப் பார்க்கிறான், கேள்வி கேட்டால் திமிராக நிற்கிறான் என்று கணக்கு வாத்தியார் பிரம்பால் அடித்தார். கட்டைகளோடு பேசி வரிசை வரிசையாக மறைய வைத்தவனுக்கு மக்கு என்று பெயர் வந்தது. முதலில் வகுப்பில் சொன்னார்கள், பிறகு தெருவில், பிறகு எங்கள் வீட்டில். ஒரு நாள் உள்ளங்கை வீங்கி வந்தான். அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னேன். “அம்மா, அவன் வேணும்னு செய்யல. செத்த நேரம் அவன் இல்லாமப் போயிருதான். நான் பாத்திருக்கேன்.”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எப்ப பாத்த?”

“மொதல்ல... கேம் வெளாடும்போது.”

“அப்படிச் சொல்லு! நான் அன்னைக்கே டாக்டர்ட்ட சொல்லல?”

“இல்லம்மா, சும்மா இருக்கும்போதும்...”

“அதுவும் அந்த நெனப்புதான்ட்டி. அது இன்னும் வீட்டுக்குள்ளதான இருக்கு.”

அன்று சாயங்காலமே அத்தா பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டு, அதற்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கி வந்தார். தலைவலி விட்டது என்று எல்லாருக்கும் நிம்மதி. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கும் நிம்மதி. இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், டாக்டரும் இதையே கேட்டார், நான் பொய் சொன்னேன் என்று. அதைச் சொல்லவில்லை. அந்தக் கூடையில் எங்கள் வீட்டில் வெகுகாலம் வெங்காயம் போட்டு வைத்திருந்தார்கள்.

மீதியைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒன்பதாவதில் தம்பி தோற்றான். அத்தா அவனைப் பேண்டேஜ் யூனிட்டில் சேர்த்துவிட்டார். பதினைந்தாவது வயதில் அங்கே வேலை நேரத்தில் வலிப்பு வந்து கைகால் வெட்டி விழுந்தான், நல்லவேளை மிஷினுக்கு இந்தப் பக்கம். அப்புறம்தான் மதுரை, தலையில் வயர் ஒட்டி எடுக்கிற டெஸ்ட், மாத்திரை. இரண்டு வருஷத்தில் அந்த வெறித்த பார்வை நின்றே போனது. சின்ன வயதிலேயே கவனித்திருந்தால் படிப்பு கெட்டிருக்காது என்று மதுரை டாக்டர் அத்தாவிடம் சொன்னாராம். தம்பியிடம் அதை யாரும் சொல்லவில்லை. அப்போது நான் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, எல்லாரிடமும் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது அத்தாவும் அம்மாவும் இல்லை. தம்பி அதே யூனிட்டில் சூப்பர்வைசர். பெண்டாட்டி, ஒரு பெண் பிள்ளை, நல்ல குடும்பம். குழுவில் அந்தப் படம் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவன் வீட்டுக்குப் போனேன், எதையும் சொல்லும் எண்ணத்தோடு அல்ல. மகளின் மார்க் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். “உங்க மாமி மாதிரி படிக்கணும், தெரியுதா? உங்க அத்தா மாதிரி மக்கா இருந்துராத,” என்று என்னையும் தன்னையும் காட்டிச் சிரித்தான். பிள்ளையும் சிரித்தது. வீட்டில் பழகிப்போன கேலி போலிருக்கிறது.

பிள்ளை வெளியே போனதும் சொன்னேன். அவனுக்கு நோய் பதினைந்து வயதில் வரவில்லை, ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது, நான் பார்த்தேன், டாக்டர் கேட்டார், இல்லை என்றேன். அவன் மார்க் ஷீட்டை மடித்து வைத்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டான். “அப்ப கணக்கு வாத்தியார் அடிச்சது?”

“அப்ப நீ அங்க இல்லடா. அவர் கேட்டதே உனக்குக் காதுல விழுந்திருக்காது.”

“நானே வேணும்னு கவனிக்காம இருந்தேன்னுதான் இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்,” என்றான். பிறகு எழுந்து கதவைத் திறந்தான். “இன்னைக்குப் போக்கா. நாளைக்கு வா.”

திரும்பும் பஸ்ஸில் பையில் இருந்த பெட்டியை நான் எடுக்கவில்லை. எடுக்கக் கை போனது, எடுக்கவில்லை.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அவனும் வேலைக்குப் போகாமல் இருந்தான். இரண்டு டம்ளர் டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் இருந்தது கோபமில்லை, ஊர் போய் வந்தவர்களிடம் சேதி கேட்கிற முகம்.

“எனக்கு அதுல ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. பாத்தது நீ மட்டுந்தான். சொல்லு. அந்த நேரத்துல நான் எப்படி இருப்பேன்?”

“கண்ணு தெறந்திருக்கும். ஒதடு மட்டும் அசையும்.”

“பயந்துபோன மாதிரி இருந்தேனா?”

“இல்லடா. அமைதியா இருப்ப.”

“அம்புட்டு நேரமும் நீ எம் பக்கத்துலயே இருந்தியா?”

“இருந்தேன்.”

அவன் முகம் இளகியது. இத்தனை வருஷம் கழித்து அந்த நேரங்களில் தனக்கு ஒரு துணை இருந்தது தெரிந்ததில் அவனுக்குச் சந்தோஷம். அங்கேயே நிறுத்தியிருந்தால் அவன் என்னை மன்னித்திருப்பான். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

“என்ன பண்ணுவ? என்னப் புடிச்சுக்குவியா?” என்று கேட்டான்.

“இல்லடா,” என்றேன். “நீ எப்பப் போவன்னு காத்துக்கிட்டு இருப்பேன். போனதும் உங் கையில இருந்து கேமப் புடுங்கி வெளாடுவேன்.”